1,630 மில்லிமீட்டர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பேக்கிங் மெஷினின் கன்ட்ரோல் பேனலை வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. திரை தரையிலிருந்து எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கையில் இருந்த காகிதங்களில் எதுவும் சொல்லப்படவில்லை. நான் எழுந்து நின்றேன். பக்கத்து மேசைக்காரர் டேப்பை இழுத்து என் கண் உயரத்தை அளந்தார். 1,630 மில்லிமீட்டர். அதையே டிராயிங்கில் போட்டேன், திரைக்குச் சற்று மேலே அவசர நிறுத்தப் பொத்தானையும் வைத்தேன். சரிபார்த்தவர் கையெழுத்துப் போட்டார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து சர்வீஸ் விஷயமாக அந்த மெஷின் ஓடும் இடத்துக்குப் போனேன். மெஷினுக்கு முன்னால் நீல நிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. மெஷினை ஓட்டும் அம்மா என் தோளுக்குக்கூட வரமாட்டார். திரையில் ஏதாவது மின்னினால் கிரேட் மேல் ஏறுவார், படிப்பார், இறங்கி வந்து பட்டையைச் சரிசெய்வார், மறுபடி ஏறுவார். நான் நின்ற இருபது நிமிடத்தில் பதினோரு முறை ஏறி இறங்கினார்.

"ஏம்மா, இந்தப் பெட்டி எதுக்கு?"

"எட்டலை சார். யாரோ நல்ல வளர்த்தியான ஆளு செஞ்சிருக்காங்க போல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது: ஏதாவது சிக்கிக்கொண்டால் அவர் முதலில் கிரேட்டில் ஏற வேண்டும், அப்புறம்தான் சிவப்புப் பொத்தானை அழுத்த முடியும். நான் கெட்ட எண்ணத்தோடு வரையவில்லை. அவசரத்தில்கூட வரையவில்லை. அவரை நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பதினான்கு வருடமாகப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். மூன்றாம் ஆண்டில் எல்லாத் துறைகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேரும் ஒரு டிசைன் பாடம் என்னுடையது. 'பரிவைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, அது பிறவியிலேயே வர வேண்டியதல்லவா' என்று சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த நீல கிரேட்டை வைத்துத்தான் நான் பதில் சொல்வேன். எனக்கு அன்று இல்லாமல் போனது நல்ல மனசு இல்லை. போய்ப் பார்க்கும் பழக்கம்தான். பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கலாம்.

முதல் வகுப்பிலேயே ஒரு விதி போட்டுவிடுவேன். இந்தப் பாடத்தில் யாரைப் பற்றி எழுதினாலும் 'பாவம்' என்ற சொல்லை எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது. மாணவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இரக்கத்தைத்தானே சார் கற்றுத்தரப் போகிறார், அதையே வேண்டாம் என்கிறாரே என்று பார்ப்பார்கள். ஆனால் கவனித்திருக்கிறேன்: 'பாவம்' என்று சொன்ன கணத்தில் பார்ப்பது நின்றுவிடுகிறது. "பாவம் சார், அவங்களால படி ஏற முடியாது" என்று எழுதும் மாணவன், எத்தனையாவது படியில் அவர் நின்றார், எந்தக் கையால் சுவரைப் பிடித்தார், கம்பி இருந்தும் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுவதில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவனுக்கு வேறு வழியில்லை, நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வாரம் டேப் நாள். 1950-இல் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் லெப்டினன்ட் அமெரிக்க விமானப் படைக்காக ஒரு கணக்குப் போட்டார். விமானிகளின் இருக்கையைச் சராசரி உடம்புக்கு ஏற்ப வடிவமைத்திருந்தார்கள். விபத்துகள் குறையவில்லை. சராசரி உடம்பு மாறிப்போயிருக்கும், புதிதாக அளப்போம் என்று முடிவெடுத்து நான்காயிரத்துக்கும் அதிகமான விமானிகளை அளந்தார்கள். அதில் 4,063 பேரின் உயரம், மார்பளவு, கை நீளம் என்று 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் வருபவர்கள் எத்தனை பேர் என்று டேனியல்ஸ் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அதற்கப்புறம், ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இருக்கை, பெடல், பட்டை எல்லாம் வேண்டும் என்று விமானப் படை வற்புறுத்தியது.

இதை நான் முதலில் சொல்வதில்லை. ஆளுக்கொரு டேப் கொடுத்து, ஒருவரை ஒருவர் அளக்கச் சொல்லிவிடுவேன். போன வருடம் 61 பேர். பத்து அளவுகளையும் எக்செல்லில் ஏற்றி, சராசரிக்கு மேலும் கீழும் ஒரு எல்லை போட்டு வடிகட்டினால் பட்டியல் காலி. ஃபார்முலாவில் தப்பு என்று நான்கு பேர் மறுபடி தட்டிப் பார்த்தார்கள். அதிகபட்சமாக ஏழு அளவுகளில் பொருந்தினாள் ஒரு மாணவி. "அப்போ இந்த வகுப்புல இருக்கற பெஞ்ச் யாருக்காக சார் செஞ்சது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்கு மேல்தான் டேனியல்ஸ் கதையைச் சொன்னேன். கூடவே கார் மோதல் சோதனைகளில் நெடுங்காலமாக உட்காரவைக்கப்படும் ஹைப்ரிட் 3 பொம்மையைப் பற்றியும் சொன்னேன். அந்த ஆண் பொம்மையின் உயரம் சுமார் 175 சென்டிமீட்டர். என் உயரமும் அதுதான். 2011-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், சீட் பெல்ட் போட்டிருந்த பெண் ஓட்டுநர்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு, பெல்ட் போட்ட ஆண்களைவிட 47 சதவீதம் கூடுதலாக இருந்தது. வகுப்பில் யாரும் பேசவில்லை.

அப்புறம் களத்துக்கு அனுப்புவேன். இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எலக்ட்ரானிக்ஸ் துறையிலிருந்து நான்கு பேர் ஒரு குழு. ஐடியா கைவசம் தயார்: ஸ்மார்ட் மாத்திரைப் பெட்டி. நேரத்துக்கு அலாரம் அடிக்கும், எல்இடி எரியும், மாத்திரை எடுக்காவிட்டால் மகனுக்கோ மகளுக்கோ செய்தி போகும். வயதானவர்கள் மறந்துவிடுகிறார்கள், அதற்குத் தீர்வு. சர்க்யூட்கூட வரைந்து வைத்திருந்தார்கள். நான் சர்க்யூட்டைப் பார்க்கவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்து, முதல் நாள் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், பார்த்ததை நேரம் போட்டு எழுதுங்கள் என்றேன்.

"கேள்வியே கேக்காம எப்படி சார் ரிக்வயர்மென்ட் எடுக்கறது?"

கோபம்தான் அவர்களுக்கு. மூன்று பேர் கொண்டு வந்த நோட்டில் ஒன்றும் இல்லை. 'காலை உணவு. மாத்திரை. ஓய்வு.' நான்காவது மாணவி, வகுப்பில் அதிகம் பேசாதவள், எழுதியிருந்ததை இன்னும் வைத்திருக்கிறேன்:

'8.10. பாட்டி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணுகிறார். ஐந்து. சிறிய வெள்ளை மாத்திரையைப் பெருவிரலால் ஓரமாகத் தள்ளுகிறார். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக விழுங்குகிறார். 8.14. வெள்ளை மாத்திரையைத் தலையணை உறைக்குள் வைக்கிறார். உறையைத் தட்டிச் சரிசெய்கிறார்.'

மறதி இல்லை. எண்ணிப் பார்த்து, தேர்ந்தெடுத்து, ஒளித்து வைக்கிறார். குழு முழுக்க இதைப் படித்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். சர்க்யூட் அந்த நிமிடமே செத்துவிட்டது என்று அவர்களுக்குப் புரிந்தது. உடனே போய் ஏன் என்று கேட்டுவிடலாம் என்றான் ஒருவன். கேட்காதே என்றாள் அவள். இரண்டாம் நாளும் அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். போர்வை மடிக்க உதவினாள். மூன்றாம் நாள் பாட்டியே சொன்னாராம்:

"அது நீர் மாத்திரை கண்ணு. போட்டா மூணு தடவை போவணும். எழுப்பிவிட ஒரு ஆளு வேணும். அந்தப் பொண்ணுதான் எத்தனை பேரைப் பாக்கும், அதை எத்தனை தடவை கூப்பிடறது?"

மாத்திரைப் பெட்டி அலாரம் அடித்து, எல்இடி எரிந்து, மகனுக்குச் செய்தியும் போயிருந்தால் அந்தப் பாட்டியின் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கூச்சப்பட்டு மறைத்த ஒன்றை நாள்தோறும் மூன்று வழிகளில் ஊருக்கே சொல்லும் கருவியை இவர்கள் செய்து முடித்திருப்பார்கள். ஆசையோடு, அக்கறையோடு, நல்ல மதிப்பெண்ணோடு.

பாட்டியின் சம்மதத்தோடு இல்லத்து நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னார்கள். மருந்தை என்ன செய்வது என்பதை டாக்டர் பார்த்துக்கொண்டார். குழு தன் வேலையைப் பார்த்தது. கட்டிலின் உயரம் 410 மில்லிமீட்டர். உட்கார்ந்தால் பாட்டியின் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடுகிறது, எழ முடியவில்லை. கட்டிலிலிருந்து கழிவறைக்கு 5.4 மீட்டர். அதில் நடுவில் இரண்டு மீட்டருக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. கழிவறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. கட்டில் கால்களுக்கு 80 மில்லிமீட்டர் கட்டை கொடுத்தார்கள். கட்டில் தலைமாட்டிலிருந்து கழிவறை வரை இடைவெளி விடாமல் சுவரோரம் கம்பி. கம்பியின் உயரத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. பாட்டியை நிற்கவைத்து, எங்கே கை இயல்பாகப் போகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்கள். முதலில் வாங்கிய குழாய் தடிமனாக இருந்தது, பாட்டியின் விரல்கள் சுற்றி வரவில்லை. 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றினார்கள். கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்குமாறு மாட்டினார்கள்.

கடைசியாகப் போனபோது பாட்டி தானாக எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார். அந்த மாணவியின் நோட்டில் கடைசி வரி: 'தலையணை உறைக்குள் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.'

இந்த ஒரு வரிக்காக அவளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ரிவ்யூவில் நடந்தது வேறு. தேர்வாளர்களில் ஒருவர், 'எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் குழாய் பொருத்தியிருக்கிறார்கள், இதில் மைக்ரோகன்ட்ரோலர் எங்கே, இன்னொவேஷன் எங்கே' என்று கேட்டார். நான்கு பேரும் தலைகுனிந்து நின்றார்கள். நான் வாதாடினேன், பெரிதாகப் பலன் இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. மாணவர்களைப் பார்த்து 'மனிதர்களை நினைத்து வடிவமை' என்று சொல்லிவிட்டு, அப்படிச் செய்து வந்தவர்களை நிற்கவைத்து இது பொறியியலே இல்லை என்றால், அடுத்த வருடம் எவன் போய் இரண்டு மணி நேரம் சும்மா உட்காருவான்? மறுபடியும் எல்லோரும் எல்இடியோடுதான் வருவார்கள்.

அடுத்த பருவத்திலிருந்து மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன். துறைக் கூட்டத்தில் இரண்டு முறை பேசித்தான் ஒப்புதல் கிடைத்தது. 'களத்துக்குப் போய் வந்த பிறகு டிராயிங்கில் அல்லது நிரலில் மாறியவை: பழையது, புதியது, யாரைப் பார்த்ததால்.' இதற்கு 25 மதிப்பெண். ஒன்றுமே மாறவில்லை என்றால் பூஜ்யம். உள்ளம் உருகி நான்கு பக்கம் எழுதியிருந்தாலும் பூஜ்யம்தான். கடுமையாக இருக்கிறது என்கிறார்கள். என் பார்வையில் 410 என்பது 490 ஆனதுதான் பரிவு. பாட்டிக்குக் கிடைத்தது அந்த 80 மில்லிமீட்டர். மாணவரின் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை அளக்க எனக்கு உரிமையும் இல்லை, கருவியும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர் கேட்பார்: "நான் பேக்எண்ட் கோடு எழுதப் போறேன் சார். யூசரை நான் பார்க்கவே போறதில்லை. எனக்கு எதுக்கு இது?" நியாயமான கேள்வி. அவர்களுக்காகத்தான் தெராக்-25 பற்றி ஒரு முழு வகுப்பு ஒதுக்குகிறேன்.

தெராக்-25 என்பது கணினியால் இயங்கிய கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகள் அதனிடம் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வாங்கினார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். மென்பொருள் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு ரேஸ் கண்டிஷன் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) கதையாகத் தெரிந்திருக்கும். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள் என்பதும் தெரிந்திருக்கும். நான் வேறு பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். முதல் விபத்திலேயே சிகிச்சைக்கு வந்த பெண் தன்னை எரித்துவிட்டதாக அங்கேயே சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. தயாரித்தவர்களும் பலமுறை அதையே சொன்னார்கள்.

1986 மார்ச்சில் டெக்சஸில் நடந்ததை வகுப்பில் மெதுவாகச் சொல்வேன். இயந்திரத்தை இயக்குபவர் வெளியே கணினி முன்னால். நோயாளி உள்ளே தனியாக. அன்றைக்கு உள்ளே காட்டும் வீடியோவும் இல்லை, இன்டர்காமும் வேலை செய்யவில்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று வந்தது. என்ன அர்த்தம் என்று கையேட்டில் புரியும்படி எதுவும் இல்லை. அந்த இயந்திரம் அடிக்கடி இப்படி நிற்கும், தொடர்வதற்கு 'பி' விசையை அழுத்துவது அவருக்குக் கைப்பழக்கம். அழுத்தினார். உள்ளே முதல் அடியில் துடித்து எழப் பார்த்தவர் மேல் இரண்டாவது முறையும் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளிக்கும் அதேபோல நடந்தது. அப்போது அங்கே இருந்த இயற்பியலாளர் ஒரு காரியம் செய்தார். இயக்கியவரைக் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று எப்படித் தட்டினாரோ அப்படியே மறுபடி மறுபடி தட்டச் சொன்னார். அனுபவசாலி என்பதால் அவர் வேகமாகத் தட்டுவார், தப்பாக அடித்த எழுத்தைச் சட்டென்று மேலே போய்த் திருத்துவார். அந்த வேகத்தில் திருத்தும்போதுதான் கோளாறு வருகிறது என்று பிடித்துவிட்டார்கள். தயாரித்தவர்களுக்கு அதுவரை பிடிபடாத பிழை அது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்குப் பிடிபட்டது.

"மால்ஃபங்ஷன் 54 என்ற வாசகத்தை எழுதியவர் பேக்எண்ட் ஆளாகத்தான் இருந்திருப்பார்" என்று மட்டும் சொல்வேன். அன்றைய வீட்டுப்பாடம்: நீங்கள் இதுவரை எழுதிய நிரல்களில் உள்ள பிழைச் செய்திகளையெல்லாம் எடுத்து, கையில் நடுக்கத்தோடு இருக்கும் ஒருவர் படிப்பதாக வைத்துத் திருத்தி எழுதுங்கள்.

நான் கைவிட்ட ஒரு பயிற்சியையும் சொல்ல வேண்டும். ஆரம்ப வருடங்களில் மாணவர்களின் கண்ணைக் கட்டி ஒரு மணி நேரம் நடக்கவைப்பேன். இது எனக்குப் பட்ரீசியா மூர் பற்றிப் படித்ததிலிருந்து வந்த ஆசை. அவர் இளம் வடிவமைப்பாளராக இருந்தபோது, 1979 முதல் 1982 வரை, மூதாட்டி வேடமிட்டு, பார்வையை மங்கவைத்து, காதை அடைத்து, மூட்டுகளைக் கட்டிக்கொண்டு வட அமெரிக்காவின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடமாடினார். மூன்று வருடம். என் மாணவர்கள் ஒரு மணி நேரம். ஒருமுறை பார்வையற்ற மென்பொருள் பொறியாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தேன். கட்டை அவிழ்த்த மாணவர்கள், எவ்வளவு பயமாக இருந்தது, எவ்வளவு தவிப்பு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க பாத்தது பார்வை போன முதல் ஒரு மணி நேரம். எனக்கு இது முப்பத்தோராவது வருஷம்."

பிறகு போனை எடுத்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டார். அது பேசிய வேகத்தில் எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருக்கு அது சாதாரண வேகம். மின்னஞ்சல் திறந்தார், பதில் எழுதினார், எல்லாம் மளமளவென்று. அடுத்து ஒரு செயலியைத் திறந்தார். விரலை நகர்த்த நகர்த்த போன் சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." பெயர் வைக்காத ஐந்து பொத்தான்கள். "இதுல ஒண்ணு டெலீட். எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார். கண் தெரியாததைவிட அந்த ஐந்து பொத்தான்கள்தான் தனக்குத் தொந்தரவு என்றும் சொன்னார். அதைச் சரிசெய்ய ஒரு பொத்தானுக்கு ஒரு வரி போதும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்று இரவே மூன்று பேர் தங்கள் செயலிகளில் பெயர் வைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார்கள். கண்கட்டை அதோடு விட்டுவிட்டேன்.

இவ்வளவும் சொல்லிக்கொடுக்கிற நான் என் லேப்பில் என்ன பார்க்காமல் விட்டேன் என்பது போன பருவத்தில்தான் தெரிந்தது. ஒரு மாணவன் எப்போதும் சர்க்யூட்டைக் கடைசியில்தான் முடிப்பான். ரெசிஸ்டர் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மல்டிமீட்டரில் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் போர்டில் செருகுவான். ஜாக்கிரதையான பையன் என்று நினைத்தேன். 'கொஞ்சம் வேகம் வேண்டும்' என்று அவன் ரெக்கார்டில் எழுதியும் இருக்கிறேன். அன்று சும்மா அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேல் உள்ள வண்ணக் கோடுகள் சொல்லும். 220 ஓம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தான்.

"கலர் பேண்ட் பாத்தாலே தெரியுமேப்பா?"

"எனக்குச் சிவப்பும் பழுப்பும் ஒண்ணாத்தான் சார் தெரியும். 120-ஆ, 220-ஆன்னு அளந்து பாத்தாத்தான் தெரியும்."

"இரண்டரை வருஷமா?"

"ஆமா சார். மீட்டர்தான் இருக்கே."

என் ஸ்லைடுகளில் எல்லாம் சரியான சர்க்யூட் பச்சையிலும் தவறான சர்க்யூட் சிவப்பிலும் இருக்கும்.

அந்த வாரமே வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து லேப் டப்பாக்களின் ஒவ்வொரு அறைக்கும் எண் எழுதி ஒட்டினார்கள். அவனும் கூட இருந்தான், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்தான். திருப்பி வைப்பவர்கள் அறை மாற்றிப் போட்டால் என்ன செய்வது என்ற கேள்வியையும் அவனே எழுப்பினான். அதற்காக டப்பா பக்கத்தில் சங்கிலியில் ஒரு மீட்டர் தொங்குகிறது. இன்று மதியம் லேப்புக்குப் போனபோது 220 ஓம் அறையின் லேபிள் ஓரம் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கடி விரல் படும் இடம். ஒட்டிவிட்டு வந்தேன், நாளைக்கு வேறு பசை கொண்டுபோக வேண்டும்.